கொழுந்து பறிக்கும் விரலும் என் கைரேகை மெசினும்

கைரேகை மெசின் பூட்டுவது என் தொழில். இலங்கை மலையகத்தில், ஹட்டனில் சின்னதாக ஒரு கடை வைத்திருக்கிறேன். சி.சி.டி.வி. கெமரா, கேட் மோட்டர், ஆட்கள் வேலைக்கு வந்துபோகும் நேரத்தைப் பதிகிற மெசின் என்று யார் கூப்பிட்டாலும் ஏணியையும் ட்ரில்லையும் தூக்கிக்கொண்டு போய்விடுவேன். துணிக்கடை, நகைக்கடை, டியூசன் வகுப்பு எல்லாவற்றிலும் பூட்டியிருக்கிறேன். பூட்டிவிட்டு வந்தால் ஒரு வருசத்துக்குத் திரும்பிப் பார்க்க வேண்டியிருக்காது. எனக்கு இந்த வேலை அத்துப்படி என்று இருந்தவனை உட்கார வைத்தது என் அம்மாவின் கட்டைவிரல்.

2022இல் நாங்கள் குடியிருக்கிற தேயிலைத் தோட்டத்திலேயே ஒரு வேலை வந்தது. பறித்த கொழுந்தை நிறுக்கிற கொட்டகையான மடுவத்தில் டிஜிட்டல் தராசோடு கைரேகை மெசினை இணைத்துக் கொடுக்க வேண்டும். சாக்கைக் கொக்கியில் மாட்டியதும் ஆள் விரலை வைப்பார், எடை நேராக அவர் பேரில் ஏறும். நியாயமான யோசனைதான். நிறுவைத் தகராறு பாட்டன் காலத்திலிருந்து இருக்கிறது. ஒரே டிவிசனில் மூன்று மாரியாயி இருந்தால் ஒருத்தியின் கிலோ இன்னொருத்தியின் கணக்கில் போவதும், மாசக் கடைசியில் மண்டை உடைவதும் வழக்கம். மெசின் வந்தால் இதெல்லாம் தீரும் என்று நினைத்தோம். லயத்தில், தோட்டத்து வரிசை வீட்டில், பிறந்தவனே தோட்டத்துக்கு மெசின் கொண்டுவருகிறான் என்ற பெருமை வேறு எனக்கு.

முந்நூறு பேருக்குக் கொஞ்சம் மேலே. இரண்டு நாள் சாயங்காலம், வேலை விட்டு வரும்போதே வரிசையில் நிறுத்திப் பதிந்து முடித்தேன். ஆளுக்கு ஒரே ஒரு விரல், வலது கட்டைவிரல். ஒருவருக்கு அரை நிமிசம்கூட ஆகவில்லை. எவ்வளவு வேகமாக முடித்துவிட்டேன் என்று அன்று ராத்திரி வீட்டில் பீற்றிக்கொண்டது இன்னும் ஞாபகம் இருக்கிறது.

மறுநாள் காலை முதல் நிறுவை. எட்டாவது ஆளாக அம்மா நின்றார். சாக்கை மாட்டினார், விரலை வைத்தார். மெசினுக்குள் இருக்கிற ஆங்கிலப் பெண் குரல் 'ப்ளீஸ் ட்ரை அகெய்ன்' என்றது. துடைத்துவிட்டு வைத்தார். 'ப்ளீஸ் ட்ரை அகெய்ன்.' மழைத்தூறல், பின்னால் இருபது முப்பது பேர், தலையில் சாக்கு. அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"என்னாடா தம்பி, ஒன் மெசினுக்கு என்னையத் தெரியலயாம்?"

அன்றைக்கு மூன்றில் ஒரு பங்கு பெண்கள் இப்படி நின்றார்கள். கணக்கப்பிள்ளை பழைய கொப்பியை எடுத்து எழுதத் தொடங்கியதால் மானம் தப்பியது. எனக்கு மட்டும் பேர் விழுந்துவிட்டது. இன்றைக்கும் மேட்டு லயத்துப் பிள்ளைகள் என்னை 'ட்ரை அகெய்ன் அண்ணன்' என்றுதான் கூப்பிடுகிறார்கள்.

அன்று ராத்திரி அம்மாவின் கையைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். நாற்பது வருசமாகக் கொழுந்து கிள்ளிய கை. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் கறை ஏறிக் கறுத்திருந்தன. எலுமிச்சை போட்டுத் தேய்த்தாலும் போகாத கறை. அதற்குள் நெடுக்குவாட்டில் வெடிப்பு. ரேகை இருக்க வேண்டிய இடம் கொத்தாமல் விட்ட அம்மிக்கல் மாதிரி வழவழவென்று கிடந்தது. ஓரங்களில் மட்டும் நாலைந்து கோடு மிச்சம். அதே கையின் சுண்டுவிரலைத் திருப்பினேன். பதினாறு வயசுப் பெண்ணின் விரல் போல ஒவ்வொரு கோடும் தெளிவாக இருந்தது. அந்த விரல் கொழுந்தைத் தொடுவதே இல்லை.

இந்த மெசின் விரலை எப்படிப் பார்க்கிறது என்பது தெரிந்தால் கோளாறு எங்கே என்பதும் விளங்கும். தோட்டத்தில் பூட்டியது கண்ணாடி வைத்த வகை. கண்ணாடிக்கு அடியிலிருந்து வெளிச்சம் சாய்வாக வரும். ரேகையின் மேடு கண்ணாடியில் படுகிற இடத்தில் வெளிச்சம் விரலுக்குள் போய்விடும். பள்ளத்தில் காற்று இருப்பதால் அங்கே வெளிச்சம் அப்படியே திரும்பிக் கெமராவுக்கு வரும். ஆகவே மேடு கறுப்பாகவும் பள்ளம் வெள்ளையாகவும் ஒரு படம் விழும். விரலில் பனித்தண்ணீர் இருந்தால் பள்ளமும் நிறைந்து முழுவதும் கறுப்புக் கறையாகிவிடும். குளிரில் காய்ந்து வெடித்திருந்தால் கோடு கோடாக வர வேண்டியது புள்ளி புள்ளியாக உடைந்து வரும். எங்கள் ஊரில் காலை ஏழு மணிக்கு முதலாவது நடக்கும், பத்து மணி வெயிலில் இரண்டாவது நடக்கும். போனில் இருப்பது பெரும்பாலும் வேறு வகை. கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்ன மின் தகடுகள், மேடு எவ்வளவு கிட்ட இருக்கிறது, பள்ளம் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று மின்னேற்றத்தை வைத்து அளக்கும். ஈரத்துக்கும் தேய்ந்த விரலுக்கும் அதுவும் தடுமாறும்.

படம் கிடைத்ததும் மெசின் அதை அப்படியே வைத்துக்கொள்வதில்லை. ஒரு கோடு எங்கே முடிகிறது, எங்கே இரண்டாகப் பிரிகிறது என்று தேடும். மலையில் தண்ணீர் ஓடுகிற பெரிய கானிலிருந்து கிளைக் கான் பிரியுமே, அந்த மாதிரி இடங்கள். அவை எந்த இடத்தில், எந்தச் சாய்வில் இருக்கின்றன என்பதை மட்டும் எண்களாக எழுதிச் சேமிக்கும். மறுநாள் விரல் வைக்கும்போது புதிதாக எடுத்த எண்களும் பழைய எண்களும் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று பார்த்து ஒரு மதிப்பெண் போடும். அந்த மதிப்பெண் நாம் வைத்த கோட்டைத் தாண்டினால் பச்சை விளக்கு, தாண்டாவிட்டால் 'ட்ரை அகெய்ன்'. அந்தக் கோட்டை எங்கே வைப்பது என்பதை மெசின் தானாக முடிவு செய்வதில்லை. பூட்ட வருகிற என்னைப் போன்ற ஒருவன் ஒரு மெனுவுக்குள் போய் எண்ணை மாற்றுகிறான், அவ்வளவுதான். அம்மாவை 'தெரியாது' என்று சொன்னது உண்மையில் நான் தட்டிவிட்ட ஒரு எண்.

இது புரிந்த கையோடு அடுத்த தப்பைச் செய்தேன். கோட்டைக் கீழே இறக்கினேன். காலையில் எல்லோருக்கும் பச்சை விளக்கு எரிந்தது, சந்தோசம். மூன்றாம் நாள் பணிய லயத்து அக்கா ஒருவரின் 14 கிலோ, அன்று வேலைக்கே வராத இன்னொருவரின் பேரில் ஏறிக் கிடந்தது. மடுவத்தில் பெரிய சண்டை. எந்தத் தகராறு தீர வேண்டும் என்று மெசின் கொண்டுவந்தோமோ அதையே நான் மெசின் வைத்து உண்டாக்கிவிட்டேன்.

கோட்டை உயர்த்தினால் சரியான ஆளையே தள்ளிவிடும், இறக்கினால் பிழையான ஆளை உள்ளே விடும். கைரேகை, முகம், கருவிழி எதுவானாலும் இந்த இழுபறி உண்டு. விற்க வருகிறவர்கள் ஒரு பக்கத்தை மட்டும் சொல்வார்கள். பிழையான ஆளை விடுவதே இல்லை என்று ஒருவர் சொன்னால், சரியான ஆட்களில் எத்தனை பேரைத் தள்ளும் என்று உடனே கேளுங்கள். அவர் முகம் கொஞ்சம் மாறும்.

ஆள் எண்ணிக்கையும் இதில் சேர்ந்துகொள்கிறது. எங்கள் மடுவத்தில் விரலை மட்டும் வைத்தால் மெசின் முந்நூறு பேரின் பதிவையும் துழாவி 'இது யார்' என்று கண்டுபிடிக்க வேண்டும். ஒவ்வொருவரோடும் ஒப்பிடும்போது தவறிப் பொருந்த ஒரு சின்ன வாய்ப்பு இருக்கிறது. முந்நூறு தடவை ஒப்பிட்டால் அந்த வாய்ப்பும் பெருகும். அதற்குப் பதிலாக, முதலில் தன் செக்ரோல் நம்பரை, தோட்டத்துப் பேர்ப் பதிவில் இருக்கிற எண்ணை, அழுத்திவிட்டு விரலை வைத்தால், 'இவர் 147தானா' என்ற ஒரே ஒரு கேள்விக்குப் பதில் சொன்னால் போதும். ஒரே ஒப்பீடு என்பதால் கோட்டைக் கொஞ்சம் தளர்த்தினாலும் ஆபத்துக் குறைவு. எங்கள் பெண்களுக்குத் தங்கள் செக்ரோல் நம்பர் பிள்ளைகளின் பிறந்தநாளைவிட நன்றாக ஞாபகம் இருக்கும். இவ்வளவு சுலபமான வழியை முதல் நாளே யோசிக்காததுதான் எனக்கு இன்னும் வெட்கம்.

அதன் பிறகு எல்லோரையும் புதிதாகப் பதிந்தேன். இந்த முறை அவசரப்படவில்லை. தீபாவளி லீவு முடிந்த அன்று காலையில் தொடங்கினேன். ரேகை மேல்தோலில் மட்டும் இருப்பதில்லை. அதன் அச்சு தோலின் உள்ளடுக்கில் இருக்கிறது. தாயின் வயிற்றில் நாலைந்து மாசத்தில் உருவாகிற அச்சு அது. மேலே தேய்ந்தாலும் சில நாள் கைக்கு ஓய்வு கிடைத்தால் அதே கோடு திரும்ப எழும்பி வரும். அம்மியைக் கொத்தி வைத்தது போல என்று அம்மாவிடம் சொன்னேன், உடனே பிடித்துக்கொண்டார். ஆழமாக வெட்டுப்பட்டு உள்ளடுக்கு வரை போன தழும்பு மட்டும் மாறாது. ஆகவே விரல் பதியப் போகிறவர்களுக்கு நான் சொல்வது: முடிந்தால் இரண்டு மூன்று நாள் வேலையில்லாமல் இருந்து போங்கள். முதல் நாள் ராத்திரி தேங்காய் எண்ணெய் தடவி, காலையில் சோப்புப் போட்டு நன்றாகக் கழுவித் துடைத்துக்கொள்ளுங்கள். எண்ணெய்க் கையோடு போகாதீர்கள். விரல் காய்ந்திருந்தால் கண்ணாடியில் வைக்கும் முன் நெற்றியில் ஒரு தடவை தடவிக்கொள்வது போதும். அழுத்திக் குத்தக் கூடாது. அழுத்தினால் மேடும் பள்ளமும் நசுங்கி ஒன்றாகிவிடும்.

விரலையும் மாற்றினேன். ஒவ்வொருவரின் பத்து விரலையும் பார்த்து, எது நன்றாக இருக்கிறதோ அதில் இரண்டு கையிலிருந்தும் இரண்டிரண்டு. பெரும்பாலும் மோதிர விரலும் சுண்டுவிரலும்தான் தேறின. தேயிலைச் செடியைக் கத்தியால் கவ்வாத்து வெட்டுகிற ஆண்களுக்கு நேர்மாறு. கத்தி பிடிக்கிற கையில் ஒன்றும் தேறாது, மற்றக் கையில் கட்டைவிரலே கிடைத்தது. மெசின் ஒவ்வொரு பதிவுக்கும் ஒரு தரப் புள்ளி காட்டும். முதல் தடவை நான் அதைப் பார்க்கவே இல்லை. மோசமான பதிவு ஒன்றை வைத்துக்கொண்டால், பிறகு எவ்வளவு நல்ல விரலைக் கொண்டுவந்தாலும் பொருந்தாது. ஒருவருக்கு ஐந்து நிமிசம் ஆனாலும் பரவாயில்லை, பதியும்போது செலவழியுங்கள்.

இரண்டாவது பதிவின்போது அம்மா சொன்ன ஒன்று எனக்கு உறைத்தது. "நான் கையெழுத்துப் போடப் படிச்சவடா. தோட்டத்து பள்ளிக்கூடத்துல அஞ்சாங்கிளாஸ் வரைக்கும் போனேன். எங்கம்மாதான் கைநாட்டு. திரும்ப எங்கள கைநாட்டாக்கிட்டியே?"

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் எங்கள் ஆட்களுக்குக் 'கைநாட்டு' என்பது சும்மா ஒரு சொல் இல்லை. நான் பிறகு படித்துப் பார்த்ததில், 1858இல் வங்காளத்தில் வில்லியம் ஹெர்ஷல் என்ற ஆங்கிலேய அதிகாரி ஓர் ஒப்பந்தக்காரரின் கை முழுவதையும் பத்திரத்தில் அச்செடுத்திருக்கிறார். பின்னால் தன் ஒப்பந்தம் இல்லை என்று மறுக்காமல் இருக்க ஒரு மிரட்டலாக. கல்கத்தாவில் 1897இல் கைரேகைப் பணியகம் வந்தது. ரேகைகளை வகை பிரிக்கும் முறைக்கு எட்வர்ட் ஹென்றி என்ற பொலிஸ் அதிகாரியின் பேர் நிலைத்துவிட்டது. அவருக்குக் கீழே இருந்து கணக்குப் போட்டு உழைத்த அஸிஸுல் ஹக், ஹேம் சந்திர போஸ் இரண்டு பேரையும் வெகு காலம் யாரும் பேசவில்லை. வேலை செய்தவன் ஒருத்தன், பேர் வாங்கியவன் இன்னொருத்தன் என்பது எங்களுக்குப் புதுக் கதையா என்ன. என் பாட்டனின் அப்பா காலத்தில் இந்தியக் கரையில் இருந்த மண்டபம் முகாம் வழியாக வந்த ஆட்களின் கழுத்தில் நம்பர் அடித்த தகரத் துண்டைத்தான் மாட்டினார்கள். தோட்டத்து எழுத்தும் நம்பரும் மட்டும், பேர்கூட இல்லை.

சரி, விரலை விட்டுக் கருவிழி பார்க்கிற மெசினுக்கு வருகிறேன். அந்தப் பேச்சைக் கொண்டுவந்தது கோத்தகிரி மாமா. அம்மாவின் அண்ணன். எங்கள் ஆட்களில் ஒரு பகுதியை இந்தியாவுக்கு அனுப்பிய சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தில் குடும்பம் இரண்டாகப் பிரிந்தபோது தலைமன்னாரில் கப்பல் ஏறியவர். அங்கேயும் நீலகிரியில் தேயிலைத் தோட்டம்தான், அதே வேலைதான், ஆகவே விரலும் அதே கதி. மடுவத்தில் நடந்ததை அம்மா வீடியோ கோலில் சொல்லிப் புலம்பியதும் மாமா கெக்கலித்துச் சிரித்தார்.

"எனக்கும் ரேசன் கடையில வெரலு விழாது தங்கச்சி. கண்ணக் காட்டுவேன், பட்டுனு வந்துரும்."

இந்தியாவில் ஆதாருக்குப் பத்து விரலையும் இரண்டு கருவிழியையும் முகத்தையும் சேர்த்துப் பதிகிறார்கள். கூலி வேலை செய்கிறவர்களின் விரல் தேய்ந்திருக்கும் என்பதும் கண்ணையும் சேர்த்ததற்கு ஒரு காரணம். எனக்கு ஆசை வந்துவிட்டது. கொழும்பில் சாமான் எடுக்கிற இடத்தில் கெஞ்சி, இரண்டு கண்ணையும் ஒன்றாகப் பார்க்கிற ஒரு கருவியை ஒரு வாரத்துக்கு வாங்கி வந்தேன்.

அம்மா முதலில் மாட்டேன் என்றார். லேசர் அடித்துக் கண் போய்விடும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். லேசர் எதுவும் கிடையாது. சின்ன அகச்சிவப்பு விளக்கு, டிவி ரிமோட்டின் முனையில் இருப்பது போன்றது. ரிமோட்டைப் போன் கெமராவுக்கு முன்னால் அழுத்திக் காட்டினேன்; வெறும் கண்ணுக்குத் தெரியாத வெளிச்சம் போனில் தெரிந்தது. அதற்குப் பிறகுதான் கண்ணைத் திறந்தார்.

திரையில் படம் வந்ததும் நானே கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தேன். நேரில் பார்த்தால் அம்மாவின் கண் மை போலக் கறுப்பு. கண்மணி எது, அதைச் சுற்றிய கருவிழிப் படலம் எது என்றே பிரித்துச் சொல்ல முடியாது. அகச்சிவப்பில் அந்தக் கறுப்பு கலைந்து சாம்பல் நிறமாகிவிட்டது. நடுவில் வட்டமாக இருட்டு, அதைச் சுற்றி வரி வரியாக, மடிப்பும் குழியுமாக ஒரு வளையம். எதிர்க் குன்றில் நின்று கவ்வாத்து வெட்டிய மலையைப் பார்த்தால் கானும் வரப்புமாகத் தெரியுமே, அப்படி.

"இதென்னடா, ஏங் கண்ணுக்குள்ள மலை இருக்கு" என்றார் அம்மா.

நம் கண் கறுப்பாக இருப்பதற்குக் காரணமான மெலனின் அகச்சிவப்பை அவ்வளவாக உறிஞ்சாது. அதனால்தான் உள்ளே இருக்கிற அமைப்பு தெரிகிறது. கருவிழிப் படலம் கிட்டத்தட்ட 12 மில்லிமீட்டர் அகலம். அந்த வரிகள் கருவிலேயே எட்டாம் மாசத்துக்குள் உருவாகிவிடும். அது எப்படி மடியும் என்பதில் தற்செயலுக்குப் பெரிய பங்கு உண்டு. அச்சில் வார்த்த மாதிரி இருக்கிற இரட்டைப் பிள்ளைகளுக்கும் வேறு வேறாக இருக்கும், ஒரே ஆளின் இடது கண்ணும் வலது கண்ணும்கூட ஒன்றாக இருக்காது. முன்னால் தெளிவான கண்ணாடி போல் இன்னொரு படலம் மூடியிருப்பதால் கொழுந்தும் சாம்பலும் அதைத் தேய்க்க முடியாது. பலர் இதை விழித்திரையோடு குழப்பிக்கொள்கிறார்கள். விழித்திரை கண்ணின் பின்சுவரில் இருப்பது. அங்கே இரத்தக் குழாய்களைப் பார்க்கும் முறை வேறு.

கண்ணை வைத்து ஆளைச் சொல்லலாம் என்ற யோசனைக்கு 1987இல் காப்புரிமை வாங்கியவர்கள் ஃப்ளொம், சஃபிர் என்ற இரண்டு கண் மருத்துவர்கள். அதைக் கணக்காக மாற்றியவர் கேம்பிரிட்ஜின் ஜோன் டௌக்மன். அவருடைய முறைக்கு 1994இல் காப்புரிமை கிடைத்தது. உலகத்தில் அதிகம் பயன்பட்டது அதுதான். எனக்கு அதில் மிகவும் பிடித்த இடம் ஒன்று இருக்கிறது. வெளிச்சம் கூடினால் கண்மணி சுருங்கும், குறைந்தால் விரியும். அதோடு கருவிழி வளையமும் இழுபடும், தளரும். அப்படியானால் நேற்றைய படத்தையும் இன்றைய படத்தையும் எப்படி ஒப்பிடுவது? அந்த வளையத்தை ஒரு ரப்பர் சீட்டாக நினைத்துக்கொண்டு, வெட்டி, நீட்டி, ஒரே அளவுச் செவ்வகமாக விரித்துவிடுகிறார். கொழுந்து பறிக்கும்போது இடுப்பில் சுற்றியிருக்கிற படங்கை அவிழ்த்துக் கொடியில் விரித்துக் காயப்போடுவது போல. விரித்த துணியில் இடம் இடமாக வரிகளின் போக்கைப் பார்த்து ஒன்று அல்லது பூச்சியம் என்று எழுதினால் மொத்தம் 2048 புள்ளிகள். இமையும் மயிரும் மறைத்த இடங்களைக் கணக்கில் சேர்ப்பதில்லை.

ஒப்பிடுவது அதைவிடச் சுலபம். இரண்டு பேரின் புள்ளிகளை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால், காசு சுண்டிப் போட்டது மாதிரி ஏறக்குறையப் பாதி ஒத்துவரும், பாதி வராது. ஒரே கண்ணை இரண்டு தடவை எடுத்தால் வேறுபாடு மிகவும் குறையும். மூன்றில் ஒரு பங்குக்குக் கீழே வேறுபாடு இருந்தால் ஒரே ஆள் என்று எடுத்துக்கொள்கிறார்கள். இரண்டாயிரம் தடவை காசு சுண்டி, தற்செயலாக மூன்றில் இரண்டு பங்கு ஒரே மாதிரி விழுவது நடக்காத காரியம். பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகள் ஒன்றையொன்று சார்ந்திருப்பதால் உண்மைக் கணக்கில் சுண்டல்கள் சுமார் 250தான் என்று டௌக்மனே சொல்கிறார். அதுவே தாராளம். கைரேகையில் இந்த அளவு இடைவெளி கிடைக்காது. அதனால்தான் கோடிக்கணக்கான ஆட்களுக்குள் ஒருவரைத் தேட கருவிழி நிற்கிறது.

அம்மாவுக்கு அடுத்த பயம், கண்ணில் புரை வளர்வதாக கிளினிக்கில் சொல்லியிருந்தார்கள். புரையைச் சீவினால் ஆளே மாறிப்போய்விடுமா? புரை வருவது கண் வில்லையில். அது கருவிழிப் படலத்துக்குப் பின்னால் இருக்கிறது, ஆகவே வரிகளை அது அழிக்காது. அறுவைச் சிகிச்சையில் கண்மணியின் வட்டம் கொஞ்சம் கோணினால் பழைய பதிவோடு ஒட்டாமல் போகலாம். அப்படி நடந்தால் திரும்பப் பதியச் சொல்லிக் கேட்பதுதான் வழி. கண் பரிசோதனைக்குச் சொட்டுமருந்து விட்ட அன்று மட்டும் இதற்குப் போக வேண்டாம். கண்மணி அகல விரிந்து வளையமே மெலிந்துவிடும். டுபாயில் வேலை செய்யும் என் அக்கா ஊருக்கு வந்திருந்தபோது இதைச் சொன்னேன். அவர் விமான நிலையத்தில் கண்ணைக் காட்டிவிட்டு நுழைகிறவர். நாடு கடத்தப்பட்டவர்கள் வேறு பேரில் திரும்பி வருவதைப் பிடிக்க ஐக்கிய அரபு அமீரகம் 2001இலிருந்தே எல்லையில் கருவிழி பார்க்கிறது. சிலர் இந்தச் சொட்டுமருந்தை விட்டுக்கொண்டு வந்து ஏமாற்றியிருக்கிறார்கள். பிறகு கண்மணி அளவுக்கு மீறி விரிந்திருக்கிறதா என்றும் பார்க்கத் தொடங்கினார்கள்.

இவ்வளவு சொல்லிவிட்டு, மடுவத்தில் கருவிழி மெசின் பூட்டினாயா என்று கேட்டால், இல்லை. விலை ஒரு காரணம். இன்னொன்று வெயில்: சூரிய வெளிச்சத்திலும் அகச்சிவப்பு நிறைய இருக்கிறது, திறந்த மடுவத்தில் பதினொரு மணிக்குப் படம் வெளிறிப் போனது. தலையில் சாக்குக் கட்டோடு நிற்கிற பெண் நேராக நிமிர்ந்து கண்ணை அகலத் திறந்து அசையாமல் நிற்க வேண்டும் என்பதும் நடக்கிற காரியமில்லை. மூக்குக் கண்ணாடியைக் கழற்ற வேண்டும். முகம் பார்க்கிற மெசினையும் காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டுக் களத்தில் இரண்டு நாள் வைத்துப் பார்த்தேன். காலை ஆறரை மணி மூடுபனியில், தலைமுக்காடும் கம்பளியுமாக நிற்கும் ஆட்களிடம் அது திணறியது. அலுவலகத்துக்குள் என்றால் நன்றாக வேலை செய்யும்.

கடைசியில் நின்றது செக்ரோல் நம்பர், நல்ல விரல், பக்கத்தில் கணக்கப்பிள்ளையின் கொப்பி. இரண்டு தடவை விழவில்லை என்றால் வரிசையை நிறுத்தாமல் கொப்பியில் எழுதிவிட வேண்டும் என்று தோட்டத்தில் பேசி ஒத்துக்கொள்ள வைத்தேன். அதற்குத்தான் அதிக நேரம் பிடித்தது. மெசின் இருக்கும்போது கொப்பி எதற்கு என்று கேட்டார்கள். மெசின் தவறினால் நஷ்டம் யாருக்கு என்று திருப்பிக் கேட்டேன். கொப்பி இன்றும் இருக்கிறது.

ஒரு விசயம் நான் பூட்டுகிற எல்லா இடத்திலும் இப்போது கேட்காமலே சொல்கிறேன். பாஸ்வேர்ட் களவு போனால் மாற்றலாம். விரலையும் கண்ணையும் மாற்ற முடியாது. 2002இல் ஜப்பானில் மட்சுமோட்டோ என்ற ஆய்வாளர் ஜெலட்டினில் செய்த விரலை வைத்து மெசின்களை ஏமாற்றிக் காட்டினார். பலகாரத்துக்குப் போடுகிற ஜெலி அது. ஆகவே உங்கள் விரலை எடுக்கிறவர்களிடம் கேளுங்கள்: படத்தை வைக்கிறீர்களா, எண்களை மட்டுமா? எங்கே வைக்கிறீர்கள்? வேலையை விட்டுப் போனால் அழிப்பீர்களா? இலங்கையில் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம், தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், இப்படியான உடல் அடையாளத் தரவைத் தனி வகையாகவே வைத்திருக்கிறது. ஓர் இடத்தில் பழைய மெசினைக் கழற்றிப் பழைய இரும்புக்காரனுக்குப் போடப் பார்த்தார்கள். உள்ளே எழுபது எண்பது பேரின் விரல் இருந்தது. நானே உட்கார்ந்து அழித்துவிட்டுத்தான் கொடுத்தேன். இந்தியாவின் நிதியுதவியோடு நம் நாட்டிலும் புதிய டிஜிட்டல் அடையாளத் திட்டம் நடக்கிறது. முகம், விரல், கருவிழி மூன்றையும் எடுப்பதுதான் அதன் யோசனை. எங்கள் பகுதிக்கு அந்தக் கருவி வருகிற அன்று, கட்டைவிரலை மட்டும் பார்த்துவிட்டுத் திருப்பி அனுப்பாமல் மற்ற விரல்களையும் பார்க்கச் சொல்லுங்கள். நமக்காக நாம்தான் கேட்க வேண்டும். எங்கள் ஆட்கள் பேப்பர் இல்லை என்ற ஒரே காரணத்துக்காகத் தலைமுறை தலைமுறையாக அலைந்தவர்கள்.

அம்மாவுக்கு இப்போது கோத்தகிரி போய் அண்ணனைப் பார்க்க வேண்டும். கடவுச்சீட்டுக்கு எழுதிப் போட்டிருக்கிறோம். 2015இலிருந்து அதற்கும் விரல் ரேகை எடுக்கிறார்கள். திகதி கிடைத்த நாளிலிருந்து அம்மா கொழுந்துக்குப் போகவில்லை. ராத்திரியில் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு படுக்கிறார், பாத்திரம் தேய்க்கச் சாம்பலைத் தொடுவதில்லை. நேற்று வாசலில் உட்கார்ந்து பலாக்கொட்டை உரித்துக்கொண்டிருந்தார். சுண்டுவிரலை மட்டும் கறை படாமல், டீ குடிக்கிற வெள்ளைக்காரத் துரைசாணி மாதிரி, தனியாகத் தூக்கி வைத்திருந்தார்.

"சிரிக்காதடா. இது பாஸ்போட்டு வெரலு."